தம்பூரா கடிகாரத்தை யார் இறக்குவது?

குழு: ஷ்ரூஸ்பரி வீடு (மாசசூசெட்ஸ், அமெரிக்கா)
செவ்வாய்க்கிழமை

கௌரி அக்கா: அம்மா வீட்டுச் சாமான் ஏற்ற லாரி சனிக்கிழமை காலை 8 மணிக்கு வருகிறது. சோபா, பீரோ எல்லாம் அவர்களே கட்டிக்கொள்வார்கள். கூடத்துச் சுவரில் தம்பூரா வடிவில் இருக்கும் கடிகாரத்தையும் (பான்ஜோ கிளாக்) அவர்களிடமே விட்டுவிடலாமா?

முரளி சித்தப்பா: வேண்டாம்

முரளி சித்தப்பா: வேண்டவே வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கிறேன், இருங்கள்

சுந்தர் அண்ணா: நான் வெள்ளி இரவே வந்துவிடுகிறேன். கிரைண்டர் யாருக்கு?

உஷா சித்தி: எனக்கு என்று உன் பெரியம்மா சொன்னார்

கௌரி அக்கா: எப்போது?

முரளி சித்தப்பா: கௌரி, அதற்குள் ஸ்பிரிங் கிடையாது. ஈயக்கட்டி ஒன்று கயிற்றில் தொங்குகிறது. அது மெல்ல மெல்ல இறங்குவதால்தான் சக்கரங்கள் ஓடுகின்றன. ஒரு தடவை சாவி கொடுத்தால் 8 நாள். பெண்டுலம் அந்த ஈயத்துக்கு முன்னால் ஆடுகிறது. இரண்டையும் கழற்றாமல் படுக்க வைத்தால் ஈயம் இடித்துக் கண்ணாடி போகும், பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு மடங்கும். அந்தக் காலத்தில் இப்படி எடை தொங்கும் கடிகாரம் என்றால் பெரும்பாலும் ஆள் உயரம் தரையில் நிற்கும். அதைச் சுமார் மூன்றடி உயரத்துக்குள் அடக்கிச் சுவரில் மாட்டிக் காட்டியவர் சைமன் வில்லர்ட். அதற்குத்தான் 1802-ல் பேட்டன்ட் வாங்கினார். பேட்டன்டில் கையெழுத்துப் போட்டது ஜனாதிபதி ஜெஃபர்சன். வில்லர்ட் பிறந்தது நம் பக்கத்து ஊரான கிராஃப்டனில், 1753-ல். கடை வைத்தது பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில். ஹார்வர்டு கல்லூரிக் கடிகாரங்களை ஐம்பது வருஷம் கவனித்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர் செய்த அமைப்பை லாரிக்காரர் போர்வையில் சுற்றித் தூக்கிப் போடக் கூடாது

கௌரி அக்கா: சரி சித்தப்பா. தூசியாக இருக்கிறது, கண்ணாடியை மட்டும் ஸ்பிரே போட்டுத் துடைத்துவிடுகிறேன்

முரளி சித்தப்பா: ஐயோ, ஸ்பிரே வேண்டாம்

பெரியம்மா: கௌரி, அது தஞ்சாவூர் கண்ணாடிப் படம் மாதிரி. சித்திரம் பின்பக்கம் தீட்டியிருக்கிறது. ஈரம் உள்ளே இறங்கினால் உரிந்துவிடும். பாட்டி கொடுத்த கிருஷ்ணர் படத்தில் கன்னம் போனது ஞாபகம் இல்லையா

கௌரி அக்கா: தொடவில்லை அம்மா

நான்: 2006-ல் வாஷிங்டன் போனோமே, நாடாளுமன்றக் கட்டடமான கேபிட்டலின் சிலை மண்டபத்தில் தேர் மேல் ஒரு பெண் நிற்கும் கடிகாரம். அதன் உள்வேலை வில்லர்டுடையது என்று பெரியப்பா கைடுக்கே சொன்னார்

முரளி சித்தப்பா: ஆமாம் வித்யா. 1837. அப்போது அவருக்கு 84 வயது

உஷா சித்தி: அன்றுதான் சுந்தர் தொலைந்து போனான்

சுந்தர் அண்ணா: தொலையவில்லை சித்தி, பாத்ரூம் வரிசை

கௌரி அக்கா: நம்முடையது அவர் கையால் செய்ததுதானா? இன்ஷூரன்ஸுக்கு எழுத வேண்டும்

முரளி சித்தப்பா: அண்ணன் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். உள்ளே பித்தளைத் தகட்டில் பெயர் இல்லை. கழுத்துக் கண்ணாடியில் 'பேட்டன்ட்' என்று இருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலப் பட்டறைகளில் ஆளாளுக்கு இதே மாதிரி செய்து விற்றார்கள். வில்லர்ட் வழக்குப் போட்டுத் துரத்துகிற ஆள் இல்லை. கீழ்க் கண்ணாடி பழையதாக இருந்திருந்தால்

முரளி சித்தப்பா: சரி, விடுங்கள்

சுந்தர் அண்ணா: சொல்லுங்கள் சித்தப்பா. 1994 பொங்கல். என் பந்து

கௌரி அக்கா: சுந்தர், உனக்கு அப்போது ஏழு வயது

சுந்தர் அண்ணா: பெரியப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்கினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்

பெரியம்மா: சுந்தரு, அந்தத் துண்டெல்லாம் இருக்கிறது

சுந்தர் அண்ணா: எங்கே?

பெரியம்மா: பரணில், ஷூ பெட்டியில். உன் பெரியப்பா ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி வைத்தார்

முரளி சித்தப்பா: அண்ணி, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பெரியம்மா: நீ கேட்கவில்லையே முரளி

புதன்கிழமை

கௌரி அக்கா: (படம்)

கௌரி அக்கா: பரணில் எடுத்தேன். ஒரு துண்டில் எழுத்து தெரிகிறது. டபிள்யூ, ஐ, எல். தங்க நிறம்

முரளி சித்தப்பா: தொடாதே. மூடி வை. கிராஃப்டனில் வில்லர்ட் பிறந்த வீட்டையே கடிகார அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அதை நடத்தியவர்களிடம் கேட்போம். இந்த எழுத்தும் நகலில் வரக்கூடியதுதான். ஆனாலும் மூடி வை

உஷா சித்தி: காலையிலிருந்து சாப்பிடாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்

கௌரி அக்கா: அதுவரை ஹார்ட்ஃபோர்டில் என் வீட்டில் மாட்டட்டுமா? சித்தப்பா, உங்களுக்கு அதில் பங்கு உண்டு என்று அப்பா சொல்வார்

முரளி சித்தப்பா: 1981-ல் ஏலத்தில் எடுத்தபோது 60 டாலர் போட்டேன். அதற்காகக் கேட்கவில்லை அம்மா. அன்று மழை. அண்ணன் வண்டி ஓட்டினார், ஈயக்கட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவையும் அதை நான்தான் வைத்துக்கொள்வேன்

நான்: எங்கே மாட்டுவது என்று ஞாயிறு பேசுவோமா?

உஷா சித்தி: அப்போதே கிரைண்டரும்

முரளி சித்தப்பா: அண்ணி, கடைசியாக யார் சாவி கொடுத்தது? நின்றுபோய் எத்தனை நாள்?

பெரியம்மா: நிற்கவே இல்லையே. அவர் போன பிறகு ஞாயிறுதோறும் நான்தான் கொடுக்கிறேன். போன ஞாயிறும் கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் ஈயம் கீழே வந்திருக்கும், கழற்ற வசதி

கௌரி அக்கா: ஸ்டூல் போட்டு ஏறியா அம்மா?

பெரியம்மா: சுந்தரு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வருவாய்? சாப்பிட்டுவிட்டு வராதே