அப்பத்தா வீட்டுச் சாமான்களை நாங்களே விற்கலாமா?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் அப்பத்தா வீட்டை அடுத்த மாதம் காலி செய்கிறோம். பங்காளிகள் நாலு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, வேண்டியதை எடுத்துக்கொண்டோம். அப்புறமும் இரண்டு அறை நிறைய மீதி இருக்கிறது: பர்மா தேக்குப் பெட்டிகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், ஒரு பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டாக்கள்.

வந்து பார்த்த வியாபாரி ஒருவர் பித்தளையை எடைக்குத்தான் கேட்டார். ஒரு அண்டாவின் கழுத்தில் அப்பத்தாவின் பெயர் வெட்டியிருக்கிறது. சீராக வந்த பாத்திரம் அது. பழைய இரும்பு மாதிரி தூக்கிப்போட மனம் வரவில்லை. அதனால் வளவிலேயே (வீட்டு நடு முற்றத்தில்) பரப்பி, விலைச்சீட்டு ஒட்டி, சனி ஞாயிறு இரண்டு நாள் நாங்களே விற்கலாம் என்று நினைக்கிறோம்.

இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலை விசாரித்துவிட்டு, அதிலிருந்து எவ்வளவு குறைத்து வைப்பது? எனாமலில் லேசாகப் பெயர்ந்திருந்தால் வாங்குவார்களா? முக்கியமாக, 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்களிடம் இருக்கும் மரச்சிற்பம் ஒன்றின் வயது யாருக்கும் தெரியவில்லை. அதை யாரிடம் காட்டுவது?