எல்டிஎல் 104 மட்டுமே இருந்தும் மாரடைப்பு ஏன்?

கேள்வி:
என் சித்தப்பாவுக்கு மாரடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்துள்ளனர். அனுமதித்த அன்று எல்டிஎல் 104 தான் இருந்தது. கெட்ட கொழுப்பு கட்டுக்குள் இருந்தும் அடைப்பு எப்படி வந்தது? இனி கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அவசியமா?

மறுமொழி 1:
அமெரிக்காவில் 2000 முதல் 2006 வரை இதயத் தமனி நோய்க்காக நிகழ்ந்த 1,36,905 மருத்துவமனை அனுமதிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், எல்டிஎல்லின் சராசரியே ஏறக்குறைய 105 தான். ஆனால் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நல்ல கொழுப்பான எச்டிஎல் 40ஐ எட்டவில்லை. இதைக் காட்டிக் கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதத்தை நம்ப வேண்டாம். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றோர் குழு இல்லை. அவர் புகைப்பவரா? சர்க்கரை உண்டா?

கேள்வி கேட்டவர்:
பீடி பழக்கம் உண்டு. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.8.

மறுமொழி 2:
அப்படியானால் வியப்பில்லை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, கெட்ட கொழுப்பையும் நல்ல கொழுப்பையும் சுமக்கும் புரதங்களின் விகிதத்தையும் புகைப்பழக்கத்தையும் முதன்மைக் காரணிகளாகக் கண்டு, நீரிழிவு, இரத்த அழுத்தம், தொந்தி, மன அழுத்தம் ஆகியவற்றையும் அவற்றோடு சேர்த்தது. நீரிழிவில் எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகுவதால், 104 என்ற அளவு ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். மாரடைப்புக்குப் பின் எல்டிஎல் அளவு எதுவாயினும் ஸ்டாட்டின் தருவது பொதுவான மருத்துவ வழக்கம். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். பரம்பரையாக வரும், எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகளான லிப்போபுரதம்-ஏ அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.