பழைய சீலை, வலைத்துண்டு ஒட்டி வரையிற படங்கள் மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்குது, என்ன செய்யலாம்?

உப்புவெளிக்காரி:
வணக்கம், நான் திருகோணமலை. ரெண்டு வருசமா கன்வஸ் வாங்கிறேல்ல, கிடைக்கிற துணியளிலதான் வரையிறன். பழைய நூல் சீலை, சாக்கு, கரையில அறுந்து கிடக்கிற தங்கூசி வலை, இதுகளை பிளைவுட்டில கம் பூசி ஒட்டி மேல அக்ரிலிக் அடிப்பன், சில இடத்தில கடற்கரை மண்ணும் போடுவன், துருப்பிடிச்ச ஆணியளை வினாகிரியில நனைச்சுத் துணியில சுத்தி வச்சா வாற கறை எனக்கு நல்ல விருப்பம். உருவம் எண்டு ஒண்டும் இருக்காது, நிறமும் துணியும்தான். போன மார்கழி மழையோட நாலு படத்தில கறுப்புப் புள்ளியா பூஞ்சணம் வந்திட்டு, வலை ஒட்டின இடமெல்லாம் உரிஞ்சு தொங்குது, துருக்கறை பட்ட இடம் விரல் பட்டாலே கிழியுது. இப்ப கையில அம்மம்மாட கடைசி நூல் சீலை ஒண்டு இருக்கு. அதையும் பழுதாக்கிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு, கத்தரிக்கோல் வைக்கவும் மனம் வருதில்ல.

கொட்டியாரக்கரை:
தங்கச்சி, முதல் பிழை உப்பு. கடல்ல கிடந்த வலை, மண் எல்லாத்திலயும் உப்பு இருக்கு, அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வாடைக் காலத்தில துணி ஒருநாளும் சரியாக் காயாது, பிறகு பூஞ்சணம் வராம என்ன செய்யும். நல்ல தண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி நாலைஞ்சு நாள் வையுங்கோ, வாயில வச்சுப் பாத்தா உப்புக் கரிக்கக் கூடாது.
தங்கூசி நைலோன், கம் அதில ஊறாது, மேலாலதான் ஒட்டி நிக்கும், காஞ்சதும் கழண்டிடும். அதைத் தைக்கத்தான் வேணும். எந்தத் துணி எண்டு தெரியாட்டி ஒரு நூலை எரிச்சுப் பாருங்கோ, பருத்தி எண்டா கடதாசி எரிஞ்ச மணம், மெல்லிய சாம்பல். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாப் போகும்.
துருவும் வினாகிரியும் சேந்து பருத்தியை அரிக்கும். கறை பிடிச்ச உடன அப்பச்சோடா கரைச்ச தண்ணியில அலசுங்கோ. முழுசா நிப்பாட்டாது, வேகம் குறையும். அம்மம்மாட சீலையில துரு வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பெயின்டும் நேர துணியில பட விடாதேங்கோ, காலம் போக நூல் நொறுங்கிடும், கீழ ஜெஸோ எண்ட வெள்ளை அடிப்பூச்சு பூசியிருக்க வேணும்.

நூல்முனை:
கொட்டியாரக்கரை அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் கத்தரிக்கோல் விசயத்துக்கு வாறன். இத்தாலியில அல்பேர்ட்டோ புர்ரி எண்டு ஒருத்தர், படிச்சது வைத்தியம், ரெண்டாம் உலகப்போரில 1943ல துனீசியாவில பிடிபட்டு அமெரிக்காவில டெக்சாஸ் முகாமில கைதியா இருக்கேக்கதான் சாக்கில வரையத் தொடங்கினவர், பிறகு 50கள்ல கிழிஞ்ச சாக்குகளைத் தைச்சுத் தைச்சே படமாக்கினார். கிழிசலும் தையலும்தான் அங்க கோடு, மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அமெரிக்க ஓவியர் ரவுஷன்பேர்க் 1955ல பஞ்சுப் போர்வை, தலகாணி எல்லாத்தையும் அப்பிடியே பலகையில ஏத்தி மேல பெயின்ட் ஊத்தினார். ஆனா உங்கட சீலைக்கு எனக்கு ஞாபகம் வாறது எல் அனட்சுய், கானாக்காரர், நைஜீரியாவில இருந்து வேலை செய்தவர். போத்தில் மூடித் தகடுகளைச் செப்புக்கம்பியால கோத்துப் பெரிய புடவை மாதிரிச் சுவரில தொங்க விடுவார், ஒவ்வொரு இடத்திலயும் மடிப்பு வேற மாதிரி விழும். நீங்களும் ஏன் ஒட்ட வேணும்? வெட்டாம, கம் பூசாம, பலகையில மேல்விளிம்பை மட்டும் தைச்சு மடிப்பை விழ விடுங்கோ, பெயின்ட் பின்னால இருக்கிற பலகையில மட்டும். சீலை சீலையாவே இருக்கட்டும், எப்ப வேணுமெண்டாலும் கழட்டலாம். அம்மம்மாட சீலையில நிறம் ஏற்கெனவே இருக்குத்தானே.

நிலாவெளி மணல்:
மண் எடுக்கிற ஆக்கள் புல்மோட்டைக் கறுப்பு மண்ணில ஆசைப்படாதேங்கோ, வடிவாத்தான் மினுங்கும், ஆனா அது இல்மனைட் எண்ட கனிமம் எடுக்கிற அரசாங்க மண், அதோட அதுக்குள்ள மொனசைட்டும் இருக்கு, கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள சாமான். வீட்டுக்குள்ள வச்சு அரிச்சுத் தூசி குடிக்க வேண்டாம்.

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. வலையெல்லாம் கிணத்தடியில வாளிக்குள்ள போட்டிட்டன், முதல் தண்ணி கலங்கலா வந்திட்டு. சீலையை விரிச்சுப் பாத்தன், முந்தானையில அம்மம்மா தானே தைச்ச ஒட்டு ஒண்டு இருக்கு, இவ்வளவு நாளும் கவனிக்கேல்ல. அந்த ஒட்டு முன்னுக்கு வாற மாதிரி மடிப்பு விடப்போறன். தைக்க என்ன நூல் நல்லம், நைலோனா பருத்தியா?

கொட்டியாரக்கரை:
பருத்தி. நைலோன் நூல் இழுபட்டா பழைய துணியை அறுத்திடும்.