ஒன்பதாம் நாள் தையலில் சிதழ்: மீன் சொதியாலா?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சீனி வருத்தம். தொப்புளடியில் ஹேர்னியா (குடல் இறக்கம்), தசை பிரிந்த இடத்தைத் தாங்க வலை வைத்து ஒப்பரேஷன் செய்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இன்று ஒன்பதாம் நாள். காலையில் சட்டையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மஞ்சள் கறை, கட்டைத் திறந்து பார்த்தால் தையலின் கீழ் நுனி சிவந்து, தொட்டால் சுடுகிறது. முந்தாநாள் நான் கொடுத்த மீன் சொதி கிரந்தி (புண்ணுக்கு ஆகாத சாப்பாடு), அதனால்தான் சிதழ் பிடித்தது என்று பெரியம்மா சொல்கிறார். கேட்டதிலிருந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. உண்மையா?

வார்டு மிஸ்ஸி:
தங்கச்சி, முதலில் இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள், கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். சாதாரண ஒப்பரேஷனுக்கு 30 நாள், வலை வைத்தால் 90 நாள் வரைக்கும் கிருமி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம், சிவப்புப் பரவுதல், புண் வாய் திறத்தல், இதில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு.

மீன்மேல் பழி போடாதீர்கள். கிரந்தி என்று மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் சோறும் ரசமும் கொடுத்து, புண் மூடாமல் திரும்பி வந்தவர்களுக்கு நான் எத்தனையோ தடவை மருந்து கட்டியிருக்கிறேன், புரதம் இல்லாமல் சதை எப்படிக் கூடும்? பார்க்க வேண்டியது சீனி. அது 200க்கு மேல் நின்றால் வெள்ளை அணுக்களுக்குக் கிருமியோடு போராடும் வலு குறைந்துவிடும். ஒப்பரேஷனுக்கு அடுத்த நாள் எவ்வளவு இருந்தது? அப்புறம், வயிற்று முடியை வீட்டில் பிளேட்டால் வழித்தீர்களா?

வெள்ளவத்தை மகள்:
268 என்று துண்டில் இருக்கிறது. ஓம் அக்கா, முதல் நாள் இரவு அம்மாவே வழித்துக்கொண்டார், சுத்தமாகப் போக வேண்டும் என்று.

வார்டு மிஸ்ஸி:
பிளேட் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், தோலில் இருக்கும் கிருமி அதற்குள் இறங்கிப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே வழிக்க வேண்டாம், முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டது. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், யாரும் சொல்லித்தரவில்லையே. உடல் பருமன், ஸ்டீரொய்ட் குளிசை, ஒப்பரேஷன் நேரம் இழுபட்டுப் போனது என்று இன்னும் பல காரணம் சேரலாம், ஒன்றைப் பிடித்து இதுதான் என்று சொல்ல முடியாது.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
எங்கள் அப்பா சிகரெட் குடிப்பவர். ஒப்பரேஷனுக்கு 4 கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ஒளித்துக் குடித்தார், கால் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது, புகை காயத்துக்குப் போகும் ரத்தத்தையும் ஒட்சிசனையும் குறைத்துவிடுமாம். இன்னொன்று தங்கச்சி, பார்மசியில் நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிதழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப முதல் குளிசை போட்டால் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம்.

வெள்ளவத்தை மகள்:
காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். இரண்டு தையல் வெட்டி, சிதழை வெளியேற்றி, கல்ச்சருக்கு எடுத்தார்கள். ஸ்கேனில் வலை வரைக்கும் போகவில்லையாம். இன்சுலின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், நாளைக்கும் கட்டு மாற்றப் போக வேண்டும். மீன் கொடுக்கலாமா என்று பெரியம்மாவே டொக்டரிடம் கேட்டார். தினமும் கொடுங்கள், முட்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்றார்.