வால்வு கவர் போல்ட்டை இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறது. எங்கே தவறினேன்?

புதுக்கை எழுதியது:

வணக்கம். பதினொரு வயதான கார், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவர் ஓரமாக எண்ணெய் கசிந்ததால், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை நானே மாற்றினேன். எஞ்சினில் நான் கைவைத்த முதல் வேலை இது. புது ரப்பர் கேஸ்கட்டின் இருபுறமும் சிலிக்கான் பசை பூசிக் கவரை வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரை போல்ட்டுகளை வரிசையாக இறுக்கினேன். இரண்டே நாளில் எண்ணெய் கருகும் வாடை. பின்பக்க மூலையிலிருந்து கசிந்து சைலன்சர் குழாயின் மேல் சொட்டுகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்று கூட்டினேன். நான்கு நாள் நின்றது, மறுபடி கசிந்தது. மறுபடியும் கூட்டினேன். இப்போது முன்னைவிட அதிகமாகச் சொட்டுகிறது.

கையேட்டில் 10 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. என்னிடம் உள்ள டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து, வைத்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்னும் ஸ்பேனர்) 20 முதல் 200 வரை அளப்பது. 20-இல் வைத்து இறுக்கினேன். ‘கிளிக்’ சத்தம் கேட்கவே இல்லை. நேற்று ஒரு போல்ட் இறுகிக்கொண்டே வந்து திடீரென்று இளகிவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். கேஸ்கட் மட்டமானதா? சிலிக்கானை இன்னும் தடிமனாகப் பூச வேண்டுமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நிறுத்தியது நல்லது. இனி அந்தக் கவரில் ஒரு போல்ட்டைக்கூட இறுக்க வேண்டாம். சூடான சைலன்சர் குழாயில் எண்ணெய் சொட்டும் வண்டியை ஓட்டவும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

கேஸ்கட் மேல் பழி இல்லை. ரப்பர் கேஸ்கட் எண்ணெயைத் தடுப்பது நசுங்குவதால்தான். ஆனால் சுற்றிலும் ஒரே சீராக நசுங்க வேண்டும். போல்ட் இருக்கும் இடத்தில் அளவு மீறி இறுக்கினால் தகட்டுக் கவர் அங்கே குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே உள்ள பகுதி மேலே எழும்பி இடைவெளி விடும். நீங்கள் கூட்டிய ஒவ்வொரு கால் சுற்றும் அந்த இடைவெளியைத்தான் வளர்த்தது. நான்கு நாள் நின்றதை வைத்து இறுக்கம் வேலை செய்தது என்று நம்பிவிட்டீர்கள். நானும் தொடக்க காலத்தில் அப்படி நம்பி, ஒரு கவரையே வீணாக்கியிருக்கிறேன்.

இளகிய போல்ட்டை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். மரையில் அலுமினியத் துணுக்குச் சுருண்டு வந்தால், கவருக்கு அடியில் உள்ள சிலிண்டர் ஹெட்டின் மரை போய்விட்டது. துணுக்கு இல்லாமல் போல்ட்டின் நடு மட்டும் மெலிந்திருந்தால், போல்ட் நீண்டுவிட்டது. பக்கத்துப் போல்ட்டை அருகில் வைத்து ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் என்பது தாங்கும் அளவல்ல. உங்கள் ரெஞ்ச் கிளிக் சொல்வதற்கு முன்பே போல்ட்டோ மரையோ விட்டுக்கொடுத்துவிட்டது. இந்த வேலைக்கு 5 முதல் 25 வரை அளக்கும் சிறிய ரெஞ்ச் வேண்டும். எந்த டார்க் ரெஞ்சையும் அதன் ஆகக் குறைந்த அளவில் வைத்து நம்புவது சரியல்ல.

மரை போயிருந்தால் ஹெட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் மரை செருகிவிடலாம். பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே நிற்கும். துளையிடும்போது சுற்றிலும் துணியால் அடைத்து, துளைக்கருவியின் நுனியில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சீவல்கூட எண்ணெய் வழியில் விழக்கூடாது.

சிலிக்கான் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ரப்பர் கேஸ்கட்டின் முழுச் சுற்றுக்கும் அதைப் பூசக் கூடாது. பூசினால் ரப்பர் வழுக்கித் தன் பள்ளத்திலிருந்து வெளியே பிதுங்கிவிடும். டைமிங் செயினை மூடும் டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் இடம், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் மூடியின் ஓரத்து மூலைகள், இவற்றில் மட்டும் ஒரு சிறு பொட்டு போதும். வெளியே பிதுங்கியது உங்கள் கண்ணில் படும், உள்ளே பிதுங்கியது படாது. அது பிய்ந்து எண்ணெயோடு கீழே போய் ஆயில் பம்பின் வடிகட்டி வலையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழுந்து பேரிங் கருகிய ஓர் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றியபோது, வலை முழுக்கப் புழு போலச் சிலிக்கான் துண்டுகளைப் பார்த்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அது. அன்று அடைந்த வேதனை இன்னும் போகவில்லை.

கவரைக் கழற்றிக் கண்ணாடி போன்ற சமதளத்தில் கவிழ்த்து வையுங்கள். தகட்டுக் கவரானால் குழிந்த துளை ஓரங்களை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் கவர் வளைந்திருந்தால் மாற்றுவதே வழி. பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சுழலும் உரசு வட்டு வேண்டவே வேண்டாம், அதன் பொடி எஞ்சினுக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு பரப்புகளையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் திருகி உட்கார வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி வெளியே போகும் வரிசையில் முதலில் 5, பிறகு 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கையேட்டில் வரிசை எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம்.

கைக்கணக்கு எழுதியது:

இத்தனை பாடு எதற்கு? இருபது ஆண்டாக ரெஞ்ச் இல்லாமல் கையின் உணர்வில்தான் இறுக்குகிறேன். சிறிய ஸ்பேனர், இரண்டு விரல், இறுகியதும் நிறுத்தம். ஒன்றும் கசிந்ததில்லை.

பழைய ஸ்பேனர் எழுதியது:

உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை ஐயா, அந்த உணர்வு இருபது ஆண்டில் வந்தது. இந்தத் தம்பிக்கு இது முதல் எஞ்சின். இன்னொன்றும் உண்டு. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்குக் கீழே உராய்வில் போகிறது. 40 சதவீதம் போல மரையின் உராய்வில் போகிறது. மீதி 10 சதவீதம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு போல்ட்டில் துரு, இன்னொன்றில் எண்ணெய் என்றால், கைக்கு ஒரே இறுக்கமாகத் தோன்றினாலும் பிடிமானம் வேறு வேறு. அதனால்தான் மரை சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெய் போடச் சொன்னால் மட்டுமே போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

சிலிண்டர் ஹெட் போல்ட்டில் டார்க் ரெஞ்சையே முழுதாக நம்புவதில்லையே. பல எஞ்சின்களில் 40 நியூட்டன் மீட்டர் போல ஓர் அளவுக்கு இறுக்கி, அதன்மேல் 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி என்று கோணத்தால் திருப்பச் சொல்வார்கள். அப்படி நீட்டி இறுக்கிய போல்ட்டைப் பெரும்பாலும் மறுமுறை போடக் கூடாது. அந்தத் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். இதில் கைக்கணக்குக்கு இடமில்லை.

மாலைப் பட்டறை எழுதியது:

இதற்கு முன் பழைய கேஸ்கட் ஏன் கசிந்தது என்று பார்த்தீர்களா? என் காரில் மூன்று முறை கேஸ்கட் மாற்றியும் கசிவு நிற்கவில்லை. கடைசியில், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தது தெரிந்தது. கிராங்க் அறையில் சேரும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் எண்ணெயைக் கேஸ்கட் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கசிவை நிறுத்தி வைத்த பிறகு, எஞ்சினை மிதமாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து துளைமேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் வால்வைச் சந்தேகியுங்கள்.

புதுக்கை எழுதியது:

இருவருக்கும் நன்றி. போல்ட்டோடு அலுமினியச் சுருள் வந்தது. மரைச் சுருள் செருகிவிட்டேன். கவரின் ஆறு துளைகள் குழிந்திருந்தன, நிமிர்த்தினேன். பின்பக்க மூலையில் ரப்பர் பள்ளத்தை விட்டு வெளியே வந்து கவருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. புது கேஸ்கட், இரண்டு மூலைகளில் மட்டும் சிலிக்கான், சிறிய ரெஞ்ச் இரவல் வாங்கி 5, 10. 10-இல் கிளிக் கேட்டபோது, இவ்வளவுதானா என்று தோன்றியது. நான் முன்பு இறுக்கியதைவிட மிகவும் குறைவு. சிலிக்கான் உலர 24 மணி நேரம் விட்டேன். காகிதச் சோதனையில் வெளியே தள்ளியது, பி.சி.வி. வால்வையும் மாற்றிவிட்டேன். மூன்று நாளாக ஓரம் உலர்ந்தே இருக்கிறது. எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டுமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

கார்க் கேஸ்கட்டாக இருந்தால் ஆம் என்பேன், அது சூட்டில் அமுங்கித் தளரும். உங்களுடையது ரப்பர். கையேடு கேட்காதவரை தொடாதீர்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பின்மூலையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை இல்லையென்றால் ரெஞ்சின் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி, வாங்கியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.