ராஜகல மலை ஏறியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு நானும் அப்பாவும் இலங்கை அம்பாறையில், பழைய பௌத்த துறவிகளின் குகைகள் உள்ள ராஜகல மலைக்குப் போகிறோம். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து விடியவே வெளிக்கிடுவோம். அப்பாவுக்கு முழங்கால் நோவு. ஆனாலும் அந்தக் குகைகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மழைத்தண்ணீர் உள்ளே வழிந்து வராதபடி பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பு, அதற்குக் கீழே 2000 வருடப் பழைய பிராமி எழுத்து. படத்தில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சுத்தான்.

ஏறின வழியாலேயே இறங்காமல், குகைகளையும் உச்சிப் பாறையையும் சுற்றிக்கொண்டு வேறு பாதையால் இறங்கலாமா? எந்த இடம் செங்குத்து? யானை நடமாடும் காடு, அதனால் பின்னேரம் எத்தனை மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும்? அப்புறம், மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா? போய்வந்த ஆக்கள் கட்டாயம் மறுமொழி போடுங்கள். அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிப்போய் வர வேண்டும்.