தண்ணீரின் ஆபத்தைக் குழந்தைகளே கண்டுணரக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

என் மகனுக்கு 8 வயது, மகளுக்கு 5 வயது. மகன் ஓராண்டாக நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்று வருகிறான். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் நீந்திவிடுகிறான். அந்தத் துணிச்சலே இப்போது எனக்குக் கவலையாகிவிட்டது. சென்ற வாரம் ஓர் ஆற்றங்கரையில் நின்றபோது, "அடியில் இருக்கிற கல்லெல்லாம் தெரிகிறதே அம்மா, இடுப்பளவுகூட இருக்காது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றத் தொடங்கினான். அதட்டி இழுத்து வந்தேனே தவிர, ஏன் இறங்கக் கூடாது என்று அவன் கேட்டதற்கு உருப்படியான பதில் என்னிடம் இல்லை. வீண் பயத்தை ஊட்டாமல் இதை எப்படிச் சொல்லித்தருவது? நீந்தத் தெரிந்தவன் என்பதால் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடம் விடலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: நீச்சல் பயிற்றுநர்

உங்கள் மகனை அவன் கண்ணே ஏமாற்றியிருக்கிறது. நீருக்குள்ளிருந்து வெளிவரும் ஒளி நீர்ப்பரப்பில் வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தாலே 4 அடி ஆழம் 3 அடியாகத் தோன்றும். கரையில் நின்று சாய்வாகப் பார்ப்பவருக்கு இன்னும் குறைவாகத் தோன்றும். இதை வீட்டிலேயே காட்டிவிடலாம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் நடுவில் நாணயத்தை வைத்து, கிண்ணத்தின் விளிம்பு அதை மறைக்கும் வரை பையனைப் பின்னால் நகரச் சொல்லுங்கள். அவன் அசையாமல் நிற்க, நீங்கள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், மறைந்த நாணயம் மேலெழுந்து வந்ததுபோல் அவனுக்குத் தெரியும். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்த பிறகு, ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லும் இப்படித்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஆற்றங்கரையில், இறங்கும் பேச்சை எடுப்பதற்கு முன்பே, ஓர் இலையை ஓட்டத்தில் போட்டுவிட்டு அதற்கு இணையாகக் கரையில் மாணவர்களை நடக்கவைப்பேன். இலை அவர்களுடைய நடையை முந்தினால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. ஏனெனில் ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். இலை பின்தங்கிவிட்டதென்று இறங்கிவிடவும் முடியாது, அடுத்த எட்டில் குழி இருப்பதை எந்த இலையும் சொல்லாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வரத் தொடங்கினாலோ, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேற்பகுதியில் வெள்ளம் புறப்பட்டிருப்பதாகவே எண்ணி உடனே கரையேற வேண்டும்.

கடல் வேறு விதமாக ஏமாற்றும். நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே, நுரையில்லாமல் சற்றுக் கருமையாகவும் அமைதியாகவும் தெரியும் இடைவெளியைத்தான் குழந்தைகள் நல்ல இடமென்று தேர்ந்தெடுப்பார்கள். பல வேளைகளில், கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் வழி அதுதான். அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, கரையை விட்டு அப்பால் கொண்டுபோகும். ஆகவே அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகவும் பழக்க வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியை

பயிற்றுநர் ஐயா சொன்னவை மகனுக்குப் பொருந்தும். சிறுமிக்கும் இவற்றைச் சொல்லிவிட்டோம் என்று நாம் நிம்மதியடைந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாதவர்கள். தவழும் குழந்தைக்கும் தத்தி நடக்கும் குழந்தைக்கும் உடலை நோக்கத் தலை கனமானது என்பதால், வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் நிமிர முடியாது. உங்கள் மகள் அந்தப் பருவத்தைத் தாண்டிவிட்டாலும், பெரியவர் கையைப் பிடிக்காமல் தண்ணீரருகே போகக் கூடாது என்ற ஒரே விதி அவளுக்குப் போதும்.

தங்கையை அண்ணனிடம் விடுவதை நான் ஒப்பமாட்டேன். சிறுவயதில் என் தோழி ஒருத்தி குளத்தில் மூழ்கிக்கொண்டிருந்ததை நாங்கள் மூன்று பேர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கத்தவில்லை, கையசைக்கவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வர, இரு கைகளாலும் நீரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்றே நினைத்தோம். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் நீண்ட கழியை நீட்டி இழுத்ததால் பிழைத்தாள். உங்கள் மகன் இந்த அடையாளங்களைத் தெரிந்துகொள்ளட்டும், ஆனால் நீரில் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடப்பது. உரக்கக் கூவிப் பெரியவர்களை அழைப்பதும், மூடியுள்ள காலி கேனைக் கயிற்றில் கட்டி எறிவதுமே அவன் வேலை. கேனில் சிறிதளவு தண்ணீர் விட்டால் காற்றில் திசைமாறாமல் போகும்.

பதில் 3: மற்றொரு தந்தை

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருள்களே. நழுவும், காற்று இறங்கும், ஆழத்தை நோக்கி அடித்துச் செல்லப்படும். அளவாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் வேறு, இவை வேறு.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நாணயத்தை மூன்று முறை வைத்துப் பார்த்த மகன், "அப்படியென்றால் அன்றைக்கு எனக்கு மார்பு வரை வந்திருக்குமா?" என்று கேட்டான். அதற்கு மேலும் வந்திருக்கலாம் என்றேன். தங்கையை அவனிடம் விடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இப்போது முற்றத்தில் கேன் எறிந்து பழகுகிறார்கள். மூழ்குபவளாக நடிப்பது மகள்தான். சத்தம் போடக் கூடாது என்று அண்ணன் எத்தனை முறை சொன்னாலும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.